இரண்டரை நூல் போல்ட்: ஒரு தறிக்குடோன் பழுதின் நிகழ்வு ஆய்வு

நடந்தது

பல்லடத்திலிருந்து சோமனூர் போகும் பக்கம் ஒரு தறிக்குடோன். பன்னிரண்டு சாதா தறிகள், எல்லாம் இரண்டு மூன்று கை மாறி வந்த பழசு. அதில் ஒரு தறியில் மட்டும் மோட்டார் ஸ்டாண்டு அடிக்கடி லூசாகிக்கொண்டிருந்தது. முடுக்கினால் ஒரு வாரம் தாங்கும், சில சமயம் இரண்டே ஷிப்டு. பெல்ட் தளர்ந்தால் தறியின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் நாடா (ஊடுநூலைக் கொண்டுபோகும் ஓடம்) நேரத்துக்குப் பெட்டி போய்ச் சேராது. தறி தடாரென்று அடித்து நிற்கும். ஃபிட்டர் வருவார், இன்னும் கொஞ்சம் முடுக்கிவிட்டுப் போவார்.

ஒரு இரவு ஷிப்டில் ஸ்டாண்டைப் பிடித்திருந்த நான்கு போல்ட்டுகளில் இரண்டு கழன்று விழுந்தன. ஸ்டாண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, பெல்ட் உருவி, ஸ்டாண்டின் காது ஒன்று விண்டுபோனது. நல்ல வேளை, ஆளுக்கு அடி இல்லை.

மறுநாள் நான் போனபோது ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். "இப்ப வர்ற போல்ட்டுல தரமே இல்லீங்க" என்றார் தறிக்காரர். "ஸ்ப்ரிங் வாஷர் போடச் சொன்னேனுங்க, வாங்கித் தரலை" என்றார் ஃபிட்டர். தறி ஓட்டுபவர், மோட்டார் புதுசானதிலிருந்துதான் இந்தத் தொல்லை என்றார். மூன்றுமே கேட்க நியாயமாகத்தான் இருந்தன. கழன்று விழுந்தவை எந்த போல்ட்டுகள், விழாமல் நின்றவை எவை என்று மட்டும் யாரும் பார்த்திருக்கவில்லை.

கழற்றிப் பார்த்ததில்

நான்கில் மூன்று போல்ட்டுகள் புதுசு. பளபளப்பாக, தலையில் 8.8 என்று பொறித்தவை. நான்காவது தலையில் எந்த எழுத்தும் இல்லாத, எண்ணெயும் பஞ்சும் அப்பிய பழைய போல்ட். விழுந்த இரண்டும் புதுசு. பழசு இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. மீதி இருந்த ஒரு புதுசை ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. ஆனால் அதன் தலைக்குக் கீழே இருந்த வாஷரை நகத்தால் தள்ளினால் சுற்றியது.

அந்த வாஷர்தான் விஷயத்தைச் சொன்னது. போல்ட் டைட்டாக இருக்கிறது, ஆனால் வாஷரை அழுத்தவில்லை. அப்படியென்றால் அது வேறு எங்கோ சிக்கிக்கொண்டு நிற்கிறது.

ஸ்பேனரில் பைப் மாட்டித்தான் அதைக் கழற்ற முடிந்தது. வெளியே வந்த மரையின் (போல்ட்டைச் சுற்றி ஓடும் திருகுவரி) முதல் சில சுற்றுகளில் கறுப்பாக, பென்சில் சீவியதுபோல் பொடி. விரலில் தேய்த்தால் வழுக்கியது. போல்ட் ஏறும் தறியின் பக்கச்சட்டம் வார்ப்பிரும்பு. அதிலுள்ள கிராஃபைட்தான் அப்படி வழுக்கும். அதாவது போல்ட் துளையிலிருந்த மரையைச் சுரண்டிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. எஃகு வளைந்து கொடுக்கும், வார்ப்பிரும்பு உதிரும். உதிர்ந்த மரை திரும்ப வராது.

பழைய போல்ட்டை ஸ்பேனரால் தளர்த்தி, பிறகு கையாலேயே சுற்றிக் கழற்றிவிட்டு, இரண்டு மரையையும் கேஜ் வைத்துப் பார்த்தேன். பழசில் இஞ்சுக்கு 18 மரை அலகு ஒளி தெரியாமல் படிந்தது. புதுசில் 1.25 மி.மீ. அலகு படிந்தது. ஒன்று 5/16 இஞ்சு விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் இஞ்சு மரை), மற்றது எம்8 (8 மி.மீ. மெட்ரிக் மரை). வெர்னியரில் வெளிவிட்டம் பார்த்தால் 5/16 இஞ்சு என்பது 7.94 மி.மீ., எம்8 என்பது 8 மி.மீ. வித்தியாசம் ஒரு தலைமுடியின் தடிமன்தான்.

விட்டம் ஒன்றுபோல் இருந்தும் மரை சேராது. 5/16-இல் ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம், 25.4-ஐ 18-ஆல் வகுத்தால், 1.41 மி.மீ. எம்8-இல் அது 1.25. ஆக ஒரு சுற்றுக்கு 0.16 மி.மீ. தள்ளிப்போகிறது. முதல் இரண்டு மூன்று சுற்றுக்கு மரைகளுக்குள் இருக்கும் இடுக்கு அதைப் பொறுத்துக்கொள்கிறது. அதனால் போல்ட் ஒழுங்காக ஏறுவதுபோலவே தோன்றும். ஆறாவது சுற்றில் 0.97 மி.மீ. ஆகிவிடுகிறது, கிட்டத்தட்ட ஒரு மரையின் அகலமே. அதற்கு வெகு முன்பே போல்ட் இறுகி நின்றுவிடும். அங்கே ஃபிட்டருக்கு இரண்டு வழி: போதும் என்று விட்டுவிடுவது, அல்லது பைப் மாட்டி முறுக்குவது. முதல் வழியில் போனால் வாஷர் சுற்றும். இரண்டாவதில் போனால் துளை உதிரும். இந்தத் தறியில் இரண்டும் நடந்திருந்தது.

கடையில் என்ன கேட்டார்கள்

மோட்டார் மாற்றியபோது ஸ்டாண்டைக் கழற்றியிருக்கிறார்கள். மூன்று போல்ட்டுகளின் தலை துருவில் வட்டமாகிவிட்டதால், பையனைக் கடைக்கு அனுப்பி "இரண்டரை நூல் போல்ட், ஒண்ணே கால் இஞ்சு நீளம்" என்று வாங்கி வரச் சொன்னார்கள். நூல் என்பது நம் பட்டறைக் கணக்கில் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. இரண்டரை நூல் என்றால் 5/16 இஞ்சு. கேட்டது சரிதான்.

ஆனால் கட்டட வேலையில் 8 மி.மீ. கம்பியையும் இரண்டரை நூல் கம்பி என்றுதான் சொல்கிறோம், 10 மி.மீ. மூணு நூல், 12 மி.மீ. நாலு நூல். கான்கிரீட்டுக்குள் போகும் கம்பிக்கு அந்தச் சின்ன வித்தியாசம் பெரிதில்லை. போல்ட் கடையில் இருக்கும் பையனும் அதே பழக்கத்தில் எம்8 டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்திருக்கிறான். கூடவே "இது ஹை டென்சில், இன்னும் ஸ்ட்ராங்" என்றும் சொல்லியிருக்கிறான். அது பொய்யில்லை. 8.8 என்றால் இழுவலிமை 800 மெகாபாஸ்கல், நீளத் தொடங்குவது அதில் 80 சதவீதமான 640-இல். பழைய போல்ட் சாதாரண மைல்டு ஸ்டீல். வலுவான போல்ட்டை வாங்கிப் போட்டதால் பிடிப்பு பலவீனமாகிவிட்டது.

ஃபிட்டரை ஏமாற்றிய இன்னொரு சங்கதியும் உண்டு. பழைய போல்ட்டின் அறுகோணத் தலை பக்கத்துக்குப் பக்கம் 13.3 மி.மீ. அதில் 13 ஸ்பேனர் ஏறாது, 14 போட்டால் வழுக்கும். பல வருடமாக 14-ஐ வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தவருக்கு, புது போல்ட்டில் 13 ஸ்பேனர் கச்சிதமாக உட்கார்ந்ததும் ஒரே திருப்தி. "இதுதான் சரியான சைஸுன்னு நெனச்சனுங்க" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலை பொருந்தியது, விட்டம் பொருந்தியது, மரையும் இரண்டு சுற்று ஏறியது. இத்தனையும் ஒத்துப்போகும்போது சந்தேகம் எங்கிருந்து வரும்? கொஞ்சமும் ஒத்துவராத போல்ட்டாக இருந்திருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருப்பார்.

மான்செஸ்டரிலிருந்து பல்லடம் வரை

ஒரே அளவில் இரண்டு மரை எப்படி வந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இரும்புத் திருகாணிகள் ஐரோப்பாவில் கவசத்திலும் கடிகாரத்திலும் துப்பாக்கியிலும் 15ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே வந்துவிட்டன. ஆனால் ஒவ்வொன்றும் கைவேலை. ஒரு நட்டு அதன் சொந்த போல்ட்டுக்கு மட்டுமே சேரும். எந்திரத்தைப் பிரித்தால் எது எதனுடையது என்று அடையாளம் போட்டு வைக்க வேண்டும். மரத்திருகாணியை எந்திரத்தில் செய்ய 1760இல் வயட் சகோதரர்கள் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார்கள். 1800ஐ ஒட்டி லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி, உலோகத்தில் ஒரே மாதிரி மரையைத் திரும்பத் திரும்ப வெட்டக்கூடிய லேத்தைத் தேர்ந்த நிலைக்குக் கொண்டுவந்தார். இன்றைக்குக் கோவை ஆவாரம்பாளையத்தில் ஓடும் லேத்திலும் லீட் ஸ்க்ரூவும் (வெட்டும் உளியை நகர்த்தும் நீளத் திருகு) மாற்றுப் பற்சக்கரமும் அதே ஏற்பாடுதான்.

மாட்ஸ்லியின் பட்டறையில் வேலை பார்த்தவர்களில் ஒருவர் ஜோசப் விட்வொர்த். பிறகு 1833இல் மான்செஸ்டரில் சொந்தத் தொழில் தொடங்கினார். அதற்குள் ஒவ்வொரு பட்டறையும் தன் மரையைத் தானே ஒழுங்காகச் செய்யத் தெரிந்துகொண்டது, ஆனால் பட்டறைக்குப் பட்டறை கணக்கு வேறு. விட்வொர்த் இங்கிலாந்து முழுவதிலும் இருந்து போல்ட்டுகளைச் சேகரித்து, அளந்து, சராசரி எடுத்தார். 1841இல் அதை முன்வைத்தார்: மரையின் கோணம் 55 டிகிரி, உச்சியும் அடியும் உருண்டை, கால் இஞ்சுக்கு 20 மரை, 5/16-க்கு 18, 3/8-க்கு 16, அரை இஞ்சுக்கு 12. புதுசாக ஒன்றைக் கண்டுபிடித்துத் திணிக்காமல், புழக்கத்தில் இருந்ததின் நடுவைப் பிடித்ததால்தான் ரயில் கம்பெனிகளும் மற்றவர்களும் சுலபமாக ஏற்றார்கள் என்பது என் கணிப்பு.

மான்செஸ்டர் என்றால் பஞ்சாலை, நெசவு. கோவையில் 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்தபோதும், 1932இல் பைக்காரா மின்சாரம் வந்து மில்கள் பெருகியபோதும், எந்திரங்கள் பெரும்பாலும் மான்செஸ்டரைச் சுற்றிய லங்காஷயர் பக்கத்திலிருந்துதான் வந்தன. எந்திரத்தோடு விட்வொர்த் மரையும் வந்தது. உதிரி பாகத்துக்குக் கப்பலை எதிர்பார்த்து உட்கார முடியாது என்று கோவையில் எழுந்த லேத் பட்டறைகளும் ஃபவுண்டரிகளும் அதே மரையைத்தான் வெட்டின. அதே வழியில் செய்யப்பட்ட சாதா தறிதான் பின்னாளில் சோமனூர், பல்லடம், ஈரோடு, குமாரபாளையம் எங்கும் பரவியது. நாம் பேசிக்கொண்டிருக்கும் பக்கச்சட்டத்துத் துளையும் அந்த வம்சம்.

எம்8 வேறு வழியில் வந்தது. 1864இல் பிலடெல்பியாவின் ஃபிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட்டில் வில்லியம் செல்லர்ஸ், 55 டிகிரியும் உருண்டை உச்சியும் சாதாரணப் பட்டறைக்காரனுக்குச் சிரமம் என்று வாதிட்டார். 60 டிகிரி, தட்டை உச்சி என்றால் அளப்பதும் வெட்டுவதும் எளிது. அமெரிக்கா அவர் பின்னால் போனது. ஐரோப்பியக் கண்டத்து நாடுகள் 1898இல் சூரிச்சில் கூடி மெட்ரிக் மரைக்கும் அதே 60 டிகிரியை எடுத்துக்கொண்டன. பிரிட்டன் மட்டும் 55-இலேயே நின்றது. இரண்டாம் உலகப்போரில் இதன் விலை தெரிந்தது. அரை இஞ்சு போல்ட் பிரிட்டனில் இஞ்சுக்கு 12 மரை, அமெரிக்காவில் 13. ஒரே பக்கம் நின்று போரிட்ட இரண்டு நாட்டு வண்டிகளின் நட்டுகள் ஒன்றுக்கொன்று சேரவில்லை. 1948 நவம்பரில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் வாஷிங்டனில் கையெழுத்திட்டுப் பொது மரைக்கு வந்தன. அதிலும் 60 டிகிரிதான். இந்தியாவில் 1956இல் எடை அளவுச் சட்டம் வந்து, படிப்படியாக மெட்ரிக்குக்கு மாறினோம். மெட்ரிக் மரைக்கு நம்முடைய தரநிலை ஐ.எஸ். 4218.

சட்டம் மாறினாலும் வார்ப்பிரும்பில் போட்ட துளை மாறவா போகிறது? தறி அறுபது வருடம் ஓடும். பழைய லேத்தும் அப்படித்தான். லீட் ஸ்க்ரூ இஞ்சில் இருக்கும் லேத்தில் மெட்ரிக் மரை சுத்தமாக வெட்ட வேண்டுமென்றால் 127 பல் உள்ள சக்கரம் வேண்டும். 25.4-ஐ ஐந்தால் பெருக்கினால் 127. அது பகா எண் என்பதால் சின்னச் சக்கரங்களைக் கோத்துச் சரியாக அதே கணக்கைக் கொண்டுவர முடியாது. அந்தச் சக்கரம் இல்லாத பட்டறைகளில் 63 பல்லை வைத்து ஒப்பேற்றுவார்கள். எட்டாயிரத்தில் ஒரு பங்கு தப்பும். சின்ன நட்டுக்குப் பரவாயில்லை, நீள மரைக்குக் கூடாது.

17,300 அடி உயரத்தில் இதே கதை

தறிக்காரரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "குடோன்ல நடக்கறது வேறங்க, பெரிய கம்பெனியில இப்படி விட மாட்டாங்க" என்றார். விட்டிருக்கிறார்கள்.

1990 ஜூன் 10. பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானம் 17,300 அடியில் ஏறிக்கொண்டிருந்தபோது, தலைமை விமானியின் முன்னால் இருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு வெளியே போனது. காற்று அவரைப் பாதி உடம்போடு வெளியே இழுத்தது. ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். எல்லோரும் பிழைத்தார்கள், அந்த விமானி உட்பட.

கண்ணாடியை முந்தைய நாள்தான் மாற்றியிருந்தார்கள். அதைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84-இன் விட்டம் 0.026 இஞ்சு, அதாவது 0.66 மி.மீ. குறைவு. மீதி ஆறும் விட்டத்தில் சரி, நீளத்தில் சற்றுக் குட்டை. மாற்றியவர் பழைய போல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய், மங்கலான வெளிச்சத்தில் கண்ணாலேயே ஒப்பிட்டு அதே மாதிரி தெரிந்ததை எடுத்திருக்கிறார். எந்த எண் போல்ட் போட வேண்டும் என்று ஸ்டோரில் இருந்தவர் சொல்லியும், கழற்றியதைப் போலவே போடுவோம் என்று முடிவு செய்திருக்கிறார்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது மரைக் கணக்கு. சரியான போல்ட்டிலும் தவறான போல்ட்டிலும் இஞ்சுக்கு 32 மரைதான். அதனால் சின்ன போல்ட் நட்டுக்குள் கடைசிவரை ஏறியது, முடுக்கும்போது கொஞ்சம் பிடிக்கவும் செய்தது. நம் தறியில் விட்டம் ஒத்துப்போய் பிட்ச் (மரைக்கு மரை உள்ள தூரம்) தப்பியது, அங்கே பிட்ச் ஒத்துப்போய் விட்டம் தப்பியது. அளக்காமல் வாங்கும் பழக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இங்கே பையனுக்குச் சாம்பிள்கூடக் கொடுத்தனுப்பவில்லை, வாய்மொழிதான்.

டைட்டாக இருப்பதும் பிடித்திருப்பதும்

போல்ட்டின் வேலை குறுக்கே நின்று தடுப்பது இல்லை. இரண்டு இரும்பையும் சேர்த்து அழுத்துவதுதான். அழுத்தத்தால் வரும் உராய்வுதான் ஸ்டாண்டை நகராமல் வைத்திருக்கிறது. சரியான துளையில் ஓர் 8.8 எம்8 போல்ட்டைச் சுமார் 25 நியூட்டன் மீட்டர் முறுக்கத்தில் முடுக்கினால் ஒன்றரை டன்னுக்கு மேல் அழுத்தும். நான்கும் சேர்ந்தால் ஆறு டன். சாதா தறியின் மோட்டார் ஸ்டாண்டுக்கு இது தாராளம்.

சிக்கல் என்னவென்றால், ஸ்பேனரில் நாம் கொடுக்கும் முறுக்கத்தில் பாதி தலைக்கு அடியில் உராய்விலும், இன்னொரு நாற்பது சதவீதம் மரை உராய்விலும் போய்விடுகிறது. அழுத்தமாக மாறுவது பத்து சதவீதம்தான். மரை சிக்கிக்கொண்டால் அந்தப் பத்தும் போகும். கைக்கு மட்டும் எப்போதும்போல் கனமாக, இன்னும் கூடுதலாகவே தெரியும். ஃபிட்டர் ஒவ்வொரு தடவையும் "நல்லா டைட்டுங்க" என்று சொன்னது அவர் கை சொன்ன உண்மை.

அப்புறம் ஸ்ப்ரிங் வாஷர். நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் நாடா அடிபடும் தறியில் அதிர்ச்சி பக்கவாட்டில் வரும். போல்ட் கழல்வதற்கு மேலும் கீழுமான இழுப்பைவிடப் பக்கவாட்டு வழுக்கல்தான் முக்கியக் காரணம் என்று ஜெர்மனியைச் சேர்ந்த கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் சோதனை எந்திரம் வைத்தே காட்டினார். மூட்டு பக்கவாட்டில் வழுக்க ஆரம்பித்துவிட்டால் போல்ட் தானாகவே சுழன்று கழலும். போதிய அழுத்தம் இருந்தால் வழுக்கல் இல்லை. வழுக்கல் வந்தபின் ஸ்ப்ரிங் வாஷர் பெரிதாக ஒன்றும் தடுப்பதில்லை. இதைச் சொன்னபோது ஃபிட்டர் முகத்தில் நம்பிக்கை இல்லை. நம் பக்கம் ஸ்ப்ரிங் வாஷர் மேல் இருக்கும் பக்தி அப்படி. போடுவதால் கெடுதல் இல்லை, போட்டுவிட்டோமே என்று நிம்மதியாக இருப்பதுதான் கெடுதல்.

டப்பாவில் கிடந்த மற்றவை

குடோன் மூலையில் ஒரு பழைய எண்ணெய் டப்பா. தறிக்காரரின் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். இரண்டு இடத்து உதிரியும் இதில்தான் கிடக்கும். கொட்டிப் பார்த்தேன்.

தையல் மெஷின் ஸ்க்ரூக்கள் நிறைய. மெஷின் ஜப்பானில் செய்தது, ஜப்பான் மெட்ரிக் நாடு, ஆனால் ஸ்க்ரூ 11/64 இஞ்சு, இஞ்சுக்கு 40 மரை. இன்னொன்று 9/64, அதுவும் 40. ஆரம்பகால அமெரிக்கத் தையல் எந்திரங்கள் போட்ட பாதை இது, பின்னால் வந்தவர்கள் மாற்றவில்லை. திருப்பூர் மெக்கானிக்குகளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. தறி ஃபிட்டருக்குத் தெரியாது. எம்4 கொஞ்சம் டைட்டாக இருக்கிறது என்று நினைத்துத் தூக்கிப் போட்டிருக்கிறார்.

அந்தக் குவியலில் பாதி ஸ்க்ரூக்களின் தலை சிதைந்திருந்தது. இதற்கும் ஒரு பூர்வீகம் இருக்கிறது. நெடுங்காலம் தலையில் ஒரே ஒரு வெட்டுதான். ரம்பத்தால் ஒரு இழுப்பில் போட்டுவிடலாம் என்பதைத் தவிர அதற்குப் பெரிய சிறப்பு இல்லை. திருப்புளி பக்கவாட்டில் வழுக்கும், கையைக் கிழிக்கும். கனடாவின் பீட்டர் ராபர்ட்சன் 1908 வாக்கில் சதுரக் குழி கொண்ட தலையைக் கொண்டுவந்தார், திருப்புளி நுனியில் ஸ்க்ரூ தானாகவே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஃபோர்டின் மாடல் டி காரிலும் அது போனது. ஆனால் தயாரிப்பு உரிமையை ஹென்றி ஃபோர்டு தனக்கே கேட்க, ராபர்ட்சன் மறுத்துவிட்டார். நல்ல வடிவமைப்பு கனடாவோடு நின்றுபோனதற்கு இதுவும் ஒரு காரணம். 1936இல் ஹென்றி பிலிப்ஸின் கூட்டல் குறித் தலை காப்புரிமை பெற்று, ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் நுழைந்து உலகம் முழுவதும் பரவியது. மின்திருப்புளியின் நுனி தானாகவே நடுவில் உட்காரும் என்பதுதான் தொழிற்சாலைக்கு அதன் கவர்ச்சி. குழியின் சுவர் சரிவாக இருப்பதால், முறுக்கம் கூடினால் திருப்புளி மேலே ஏறி வெளியே வந்துவிடும். அளவுக்கு மேல் முடுக்காமல் இருக்கவே அப்படிச் செய்தார்கள் என்று பலர் சொல்வார்கள். 1936 காப்புரிமையில் அப்படி ஒரு நோக்கம் சொல்லப்படவில்லை.

இதே சிலுவை உருவத்தில் இன்னும் இரண்டு உண்டு. 1960-களில் வந்த போஸிட்ரிவ், தலையில் சிலுவைக்கு நடுவே 45 டிகிரியில் மெல்லிய கோடுகள் இருக்கும். ஐரோப்பியக் கான்டாக்டர்களின் (மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச்) டெர்மினலில் பார்க்கலாம். இன்னொன்று ஜப்பானியத் தரத்துச் சிலுவை. சில தலைகளில் ஒரு சின்னப் புள்ளி அடையாளமாக இருக்கும். பிலிப்ஸ் திருப்புளி அதில் அடிவரை உட்காராது, மேலேயே நிற்கும். குடோனில் இருந்தது ஒரே திருப்புளி, நுனி தேய்ந்த இரண்டாம் நம்பர் பிலிப்ஸ். ஜப்பான் மெஷினின் மூடிக்கும் அதுதான், ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் அதுதான். தலை சிதையாமல் என்ன செய்யும்? தையல் மெஷின் மெக்கானிக் ஒருவரிடம் பார்த்தால், ஒற்றை வெட்டுத் திருப்புளியிலேயே நான்கைந்து வைத்திருப்பார், ஒவ்வொன்றின் நுனியும் வெட்டின் அகலத்துக்குச் சாணை பிடித்தது.

சரிசெய்தது

உதிர்ந்த மூன்று துளைகளையும் 8.5 மி.மீ. துளையாகப் போட்டு எம்10 டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) ஓட்டினோம். எம்10-க்கு 1.5 பிட்சில் டேப் துளை 8.5தான். பழைய மரையின் வெளிவிட்டம் 7.94 என்பதால் பழசு சுத்தமாக வெட்டுப்பட்டுப் புது இரும்பில் மரை விழும். வார்ப்பிரும்பில் மரை பிடிக்கும் ஆழம் விட்டத்தில் ஒன்றரை மடங்காவது வேண்டும், சட்டத்தில் 15 மி.மீ.க்கு மேல் இருந்ததால் கவலையில்லை. விண்டுபோன காதுக்குப் பதில் ஸ்டாண்டையே புதிதாக வார்த்து வாங்கி, அதன் துளைகளை 11 மி.மீ. ஆகப் போட்டார்கள். நான்காவது துளை நன்றாகத்தான் இருந்தது. அதையும் எம்10 ஆக்கிவிட்டோம். ஒரே ஸ்டாண்டில் இரண்டு மரை இருந்தால் அடுத்த ஃபிட்டர் மறுபடியும் மாட்டுவார்.

மற்ற பதினொரு தறிகளையும் மாற்ற வேண்டாம் என்று முடிவானது. துளை கெட்டால் எம்10, கெடாதவரை 5/16 விட்வொர்த். மாற்றிய தறியின் ஸ்டாண்டில் மட்டும் மஞ்சள் பெயின்ட். சாவிப் பலகையில் ஒரு 5/16 நட்டும் ஒரு எம்8 நட்டும் தனித்தனிக் கம்பியில் தொங்குகின்றன. கடையிலிருந்து எந்த போல்ட் வந்தாலும் அந்த நட்டுக்குள் விரலாலேயே கடைசிவரை ஓட வேண்டும், நடுவில் நின்றால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கடைச் சீட்டில் நூல் கணக்கோடு "இஞ்சுக்கு 18" என்றும் எழுதச் சொல்லியிருக்கிறது. தம்பியின் மெஷின் ஸ்க்ரூக்கள் திருப்பூருக்கே போய்விட்டன, கூடவே ஒரு ஜப்பானிய நுனித் திருப்புளிக்கும் பட்டியல் போட்டுக் கொடுத்தோம்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது தறிக்காரர், "அப்ப இந்த இஞ்சு டேப்பு, டை எல்லாத்தையும் எடைக்குப் போட்டர்லாமுங்களா?" என்று கேட்டார். வேண்டாங்கண்ணா என்றேன். தோட்டத்து போர் மோட்டாரின் ஒண்ணே கால் இஞ்சுக் குழாயில் இஞ்சுக்கு 11 மரை, 55 டிகிரி. நம் நாட்டுத் தண்ணீர்க் குழாய்கள் இன்றைக்கும் விட்வொர்த் மரையில்தான் ஓடுகின்றன.